ரெக்கார்டிங் சென்டரில் பிங்க் ஃபிளாய்ட்: வாசகர் கேள்வி – பதில்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ரேடியோ, டேப்ரெக்கார்டர் ரிப்பேர் கடையும், கூடவே கேட்ட பாட்டுகளைக் கேசட்டில் பதிந்து கொடுக்கும் ரெக்கார்டிங் சென்டரும் நடத்தியவன் நான். நாற்பது வருஷமாக லண்டனின் பிங்க் ஃபிளாய்ட் ராக் இசைக்குழுவை விடாமல் கேட்டு வருகிறேன் என்று போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகள்தான் இந்த இதழ் முழுக்க.

கிருஷ்ணகிரிக்கும் ராக் இசைக்கும் என்ன சம்பந்தம்? முதலில் எப்படிக் காதில் விழுந்தது?
– வாசகர், போச்சம்பள்ளி

ரவுண்டானாதான் சம்பந்தம். பெங்களூருக்குப் போகிறவர், சென்னைக்குப் போகிறவர், சேலத்துக்குப் போகிறவர் எல்லாரும் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். வண்டியில் டேப் மக்கர் பண்ணினால் டீக்கடையில் விசாரிப்பார்கள், யாராவது என் கடைக்குக் கை காட்டிவிடுவார்கள். 1983 வாக்கில் பெங்களூர்க்காரர் ஒருவர் கார் ஸ்டீரியோவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். உள்ளே கேசட் சிக்கி, டேப் கசங்கி அறுந்து கிடந்தது. செட் ஓடினால் போதும், கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்றார். எனக்கு மனசு வரவில்லை.

கசங்கின இடத்தை மட்டும் பிளேடால் சாய்வாக நறுக்கினேன். நேராக வெட்டினால் ஒட்டுப் போட்ட இடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், சாய்வாக வெட்டினால் வராது. இரண்டு முனைகளையும் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்துச் சேர்த்து, பளபளப்பான பக்கத்தில் ஒட்டி, ஓரத்தில் பிசிறு இல்லாமல் சீவிவிட்டு, பென்சிலால் சுற்றி உள்ளே அனுப்பினேன். ஒட்டு நிற்கிறதா என்று பார்க்கத்தான் கேசட்டைப் போட்டேன். கடை முழுக்கக் கடிகாரங்கள் அலறின.

அது நிஜமாகவே கடிகாரக் கடையில் எடுத்த சத்தம் என்பது பின்னால்தான் தெரிந்தது. ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் பழைய கடிகாரங்கள் விற்கும் கடைக்குப் போய் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதிந்து, எல்லாம் ஒரே நேரத்தில் அடிப்பதுபோலச் சேர்த்திருக்கிறார். 1973 மார்ச்சில் வந்த 'டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பம் அது. பெங்களூர்க்காரர் செட்டை வாங்க வந்த அன்று, ஒரு காப்பி எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதோடு, அடுத்த முறை இந்தப் பக்கம் வந்தபோது 1975-ல் வந்த 'விஷ் யூ வேர் ஹியர்' கேசட்டையும் கொண்டு வந்து கொடுத்தார். தொண்ணூறு நிமிஷ கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிஷம். முதல் ஆல்பம் 43 நிமிஷத்துக்குள் முடியும், இரண்டாவது 44 நிமிஷத்தைக் கொஞ்சம் தாண்டும். ஆக ஒரே கேசட்டின் இரண்டு பக்கத்திலும் இரண்டு ஆல்பங்களும் ஒரு பாட்டுகூடத் துண்டாகாமல் உட்கார்ந்தன. ரெக்கார்டிங் தொழிலில் இருந்தவர்களுக்கு அந்தத் திருப்தி என்னவென்று தெரியும்.

இந்த 'பிங்க்' என்பவர் யார்? குழுவில் அப்படி ஒருவர் இருக்கிறாரா?
– தொழிற்சாலை ஊழியர், ஓசூர்

குழுவில் இல்லை. பிங்க் ஆண்டர்சன், ஃபிளாய்ட் கவுன்சில் என்று அமெரிக்காவின் கரோலினா பகுதியில் இரண்டு ப்ளூஸ் பாடகர்கள் இருந்தார்கள். 1965-ல் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான சிட் பாரெட், அவர்கள் இருவர் பெயரிலும் முன்பாதியை எடுத்துச் சேர்த்து வைத்துவிட்டார். குழுவில் இருந்தவர்கள் சிட் பாரெட், ராஜர் வாட்டர்ஸ், ரிச்சர்ட் ரைட், நிக் மேசன், அப்புறம் 1968-ல் சேர்ந்த டேவிட் கில்மோர்.

இளையராஜா இருக்கும்போது வெள்ளைக்காரன் பாட்டு எதற்கு அண்ணா?
– வாசகர், பர்கூர்

தம்பி, என் வீட்டு அடுப்பு எரிந்ததே ராஜா பாட்டால்தான். லாரி டிரைவர்கள் சிகரெட் அட்டையில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு வந்து, சாயந்தரத்துக்குள் வேண்டும் என்று நிற்பார்கள். அவர் பாட்டில் பேஸ் கிதார் தன்பாட்டுக்கு ஒரு தனி நடை நடக்கும். பாடுகிறவர் குரலை விட்டுவிட்டு அதை மட்டும் பிடித்துக்கொண்டு போகப் பழகிய காது என்னுடையது. அந்தக் காதுதான் பிங்க் ஃபிளாய்டையும் கேட்டது. ஒருவரைக் கேட்டால் இன்னொருவரை விட வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ராஜாவை நுணுக்கமாகக் கேட்கிறவர் எவரும் இதையும் கேட்டுப் பார்க்கலாம், நிச்சயமாகப் பிடிக்கும்.

நான் பம்பை வாசிக்கிறவன். காசு குலுங்கும் சத்தத்தோடு ஆரம்பிக்கும் அவர்கள் பாட்டுக்குத் தாளம் போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் இடிக்கிறது. ஏன்?
– வாசகர், தர்மபுரி

நீங்கள் நாலு நாலாக எண்ணுகிறீர்கள், பாட்டு ஏழு ஏழாகப் போகிறது. மிஸ்ர சாபு பழகிய கைதானே உங்களுடையது, ஏழாக எண்ணிப் பாருங்கள், கச்சிதமாக வந்து விழும். நடுவில் சாக்ஸஃபோன் வாசிப்பதும் ஏழிலேயே போகும். அது முடிந்து கிதார் எடுக்கும் இடத்தில் மட்டும் நாலுக்கு மாறி ஓட்டமெடுக்கும், பிறகு பாட ஆரம்பிக்கும்போது மறுபடி ஏழு.

அந்தக் காசுச் சத்தத்தை எப்படிச் செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த கதை. கம்ப்யூட்டர் கிடையாது. வாட்டர்ஸின் அப்போதைய மனைவி மண்பாண்டம் வனைந்தவர். அவர் களிமண் பிசையும் பாத்திரத்தில் சில்லறையை வீசியெறிந்து பதிந்தார்கள். காகிதம் கிழிக்கும் சத்தம், கல்லாப்பெட்டி இயந்திரத்தின் சத்தம் என்று ஏழு சத்தங்கள். ஒவ்வொன்றும் உள்ள டேப்பை ஸ்கேல் வைத்து ஒரே நீளத்துக்கு அளந்து, வெட்டி, வரிசையாக ஒட்டி, கடைசி முனையை முதல் முனையோடு சேர்த்து வளையமாக்கி ஓடவிட்டார்கள். டேப் சுற்றும்போது சத்தம் தானாகவே தாளத்தில் வரும். ஒரு துண்டு கொஞ்சம் நீண்டுவிட்டாலும் தாளம் நொண்டும். கேசட் டேப்பின் அகலம் நாலு மில்லிமீட்டர்கூட இல்லை. அதில் ஒரு ஒட்டுப் போட நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். அவர்கள் கையில் இருந்தது அகலமான ஸ்டூடியோ டேப்தான் என்றாலும், அதில் ஒரு தாளத்தையே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். இவர்கள் என் தொழில்காரர்கள் என்று நான் உரிமை கொண்டாடுவது இதனால்தான்.

'டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பத்தில் வார்த்தையே இல்லாமல் ஒரு பெண் குரல் உருகி உருகி அழுகிறதே, யார் அவர்? கேட்டால் எங்கள் பாட்டி வைத்த ஒப்பாரி ஞாபகம் வருகிறது.
– வாசகி, ஊத்தங்கரை

சரியாகக் கேட்டிருக்கிறீர்கள் அம்மா, அந்த இசை சாவைப் பற்றியதுதான். பாடியவர் கிளேர் டாரி. அப்போது 25 வயது. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கூப்பிட்டார்கள். ஞாயிறு என்பதால் இரட்டைக் கூலி, 30 பவுண்டு. வார்த்தை வேண்டாம், உன் குரலையே ஒரு வாத்தியமாக வைத்துக்கொள் என்கிற மாதிரிதான் சொல்லியிருக்கிறார்கள். பாடிவிட்டு வெளியே வந்தவர், இது ஆல்பத்தில் வரப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போயிருக்கிறார். பிறகு கடையில் இருந்த ரெக்கார்டு உறையில் தன் பெயரைப் பார்த்துத்தான் விஷயமே தெரிந்தது.

மெட்டுப் போட்டவர் பியானோ வாசித்த ரிச்சர்ட் ரைட். ஆனால் அந்தக் குரல் போன பாதை முழுக்க கிளேர் டாரி அந்த நேரத்தில் தானே கண்டுபிடித்தது. 2004-ல் வழக்குப் போட்டார், 2005-ல் சமரசம் ஆயிற்று. அதன்பிறகு வரும் பிரதிகளில் இசை ரைட், டாரி என்று இரண்டு பெயரும் இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆனாலும் கிடைத்ததே, அதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். நம் பக்கத்தில் ஒப்பாரி பாடிய பெண்கள் எத்தனை பேருடைய குரல் பெயரில்லாமலே போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். உங்கள் பாட்டி பாடியதில் உங்களுக்கு ஞாபகம் இருப்பதை ஃபோனில் பாடிப் பதிந்து வையுங்கள்.

ஐந்து பேரில் உங்களுக்கு யாரைப் பிடிக்கும்? கில்மோர் என்றுதான் சொல்வீர்கள்.
– கல்லூரி மாணவர், காவேரிப்பட்டணம்

கில்மோர் கிதாரை யாருக்குத்தான் பிடிக்காது! ஆனால் என் ஆள் ரிச்சர்ட் ரைட். கீபோர்டு, ஆர்கன், பியானோ. படங்களில் ஓரமாக நிற்பவர். குழுவுக்குள் சண்டை வந்தபோதெல்லாம் பேர் எடுத்ததும் பேட்டி கொடுத்ததும் மற்றவர்கள்தான்.

1971-ல் வந்த 'மெடில்' ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே பாட்டு, 23 நிமிஷத்துக்கு மேல். ஆரம்பத்தில் ஒரே ஒரு ஸ்வரம் 'ணிங்' என்று தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல வரும். பியானோவில் மேலே ஒரு கட்டையை ரைட் அழுத்தியதுதான் அது. அந்தச் சத்தத்தை லெஸ்லி என்கிற ஸ்பீக்கர் பெட்டி வழியாக விட்டிருக்கிறார்கள். அந்தப் பெட்டிக்குள் குழல் மோட்டாரில் சுற்றும். சின்ன வயசில் மேஜை விசிறிக்கு முன்னால் வாயை வைத்து 'ஆ' என்று கத்தினால் குரல் அலை அலையாக உடையுமே, கிட்டத்தட்ட அந்த வேலைதான். ஒரு ஸ்வரம், ஒரு சுற்றும் பெட்டி, அவ்வளவுதான் சாமான். அந்த ஒற்றைச் சத்தத்துக்காகவே அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுவேன்.

'டார்க் சைட்' ஆல்பத்தில் மனசை இளக்கும் இடங்களில் பெரும்பாலும் ரைட் இருப்பார். முதல் பாட்டில் திடீரென்று ஒரு கார்டு (பல ஸ்வரங்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒலிப்பது) வந்து மெட்டையே வேறு பக்கம் சாய்க்கும். மைல்ஸ் டேவிஸின் ஜாஸ் ரெக்கார்டில் கேட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். இரண்டாம் பக்கத்தில் நிதானமாக வரும் பெரிய பாட்டு ஒன்று, முதலில் இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் படத்துக்காக அவர் பியானோவில் போட்டது. இயக்குநர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தூக்கிப் போடாமல் வைத்திருந்து, சில வருஷம் கழித்து எடுத்துக் கொடுத்தார்.

இப்படிப்பட்டவரை 1979-ல் 'தி வால்' ஆல்பம் முடிகிற நேரத்தில் குழுவைவிட்டு அனுப்பினார்கள். அதன்பிறகு அதே ஆல்பத்தின் மேடை நிகழ்ச்சிகளில் சம்பளத்துக்கு வாசித்தார். மேடையில் அட்டைப் பெட்டிகளால் பிரம்மாண்டமான சுவர் எழுப்பி இடிக்கும் நிகழ்ச்சி, செலவு எகிறிவிட்டது. பங்குதாரர்கள் மூவருக்கும் நஷ்டம், சம்பளம் வாங்கிய ரைட்டுக்கு மட்டும்தான் அதில் காசு நின்றது. இதை எல்லாரும் சுவாரசியமான கதையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் சுவாரசியம் இல்லை. தான் கட்டிய வீட்டுக்கே கூலிக்கு வேலைக்கு வந்தார், ஸ்வரம் பிசகாமல் வாசித்தார். அதைத்தான் நான் பார்க்கிறேன்.

வாட்டர்ஸ் விலகிய பிறகு ரைட் திரும்பி வந்தார். 1994-ல் வந்த 'தி டிவிஷன் பெல்' ஆல்பத்தில் ஒரு பாட்டை முன்னின்று பாடியும் இருக்கிறார். 2005 ஜூலையில் லண்டன் ஹைட் பார்க்கில் வாட்டர்ஸ், கில்மோர், மேசன், ரைட் நால்வரும் ஒரே மேடையில் நின்றார்கள். 1981-க்குப் பிறகு அப்படி நின்றது அன்றைக்குத்தான், அதோடு சரி. 2008 செப்டம்பர் 15-ஆம் தேதி ரைட் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். வயது 65. அவர் இல்லாமல் அந்த 23 நிமிஷப் பாட்டை மேடையில் வாசிக்க மாட்டேன் என்று கில்மோர் சொல்லிவிட்டார். அதற்காகவே கில்மோர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

பெங்களூரில் அவர்கள் நிகழ்ச்சியை நேரில் பார்த்தீர்களா?
– வாசகர், சூளகிரி

குழுவாக அவர்கள் பெங்களூருக்கு வந்ததில்லை. வாட்டர்ஸ் தன் சொந்த இசைக்குழுவோடு 2002-ல் பேலஸ் கிரவுண்ட்ஸுக்கு வந்தார். போனேன். ஓசூர், அத்திப்பள்ளி தாண்டும் வரை பஸ்ஸில் நெஞ்சு அடித்துக்கொண்டது. கடிகாரம் அடிக்கிற இடத்தில் கூட்டம் போட்ட சத்தத்தில் என் பக்கத்தில் நின்ற பையன் அழுதுகொண்டிருந்தான், நானும்தான். என் கண் மட்டும் அடிக்கடி கீபோர்டு பக்கமே போனது. அங்கே வேறு யாரோ நன்றாகத்தான் வாசித்தார்கள்.

"எங்களுக்குப் படிப்பு வேண்டாம்" என்று பிள்ளைகள் பாடும் பாட்டு இவர்களுடையதுதானே? ஆசிரியையாக எனக்கு அது வருத்தமாக இருக்கிறது.
– பள்ளி ஆசிரியை, பாலக்கோடு

உங்கள் வருத்தம் நியாயம்தான் டீச்சர். ஆனால் வாட்டர்ஸ் எழுதியது படிப்புக்கு எதிராக இல்லை. பிள்ளைகளை அவமானப்படுத்தியே அடக்கிய ஆசிரியர்களிடம் படித்தவர் அவர், அந்தக் கோபம்தான் பாட்டில் இருக்கிறது. அதைப் பாடியவர்கள் லண்டனில் இஸ்லிங்டன் கிரீன் பள்ளிப் பிள்ளைகள். அவர்களை ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனவரே அந்தப் பள்ளியின் இசை ஆசிரியர்தான்! 1980-ல் தென்னாப்பிரிக்காவில், கறுப்பினப் பிள்ளைகளுக்கு மட்டமான கல்வி கொடுத்த அரசை எதிர்த்து மாணவர்கள் பள்ளியைப் புறக்கணித்தபோது இந்தப் பாட்டைப் பாடினார்கள். அரசு பாட்டைத் தடை செய்தது. நல்ல கல்வி கேட்டுப் போராடிய பிள்ளைகள் அவர்கள். நீங்கள் வகுப்பில் பிள்ளைகள் பெயரைச் சொல்லி அன்பாகக் கூப்பிடுகிறவர் என்றால் இந்தப் பாட்டு உங்கள் பக்கம்தான் டீச்சர்.

குழுவில் ஒருவருக்கு மனம் பாதித்துவிட்டதாமே? என் அண்ணனும் அப்படி இருப்பதால் கேட்கிறேன்.
– பெயர் வேண்டாம், தர்மபுரி மாவட்டம்

சிட் பாரெட். ஆரம்பத்தில் பாட்டு எழுதியதும் பாடியதும் பெரும்பாலும் அவர்தான். போதைப் பழக்கமும் மனநலக் கோளாறும் சேர்ந்து, 1968-ல் குழுவைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. 1975 ஜூன் மாதம், அவரை நினைத்து எழுதிய பாட்டுக்கு அபே ரோடு ஸ்டூடியோவில் வேலை நடந்துகொண்டிருந்த நாளில், உடம்பு பெருத்து, தலையும் புருவமும் மழித்த ஒருவர் உள்ளே வந்து நின்றார். கூடவே வளர்ந்தவர்களுக்கே அவரை அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் அழுதிருக்கிறார்கள்.

பிற்காலத்தில் அவர் கேம்பிரிட்ஜில் சொந்த ஊரிலேயே இருந்தார். ஓவியம் வரைந்தார், தோட்டம் பார்த்தார். 2006-ல் இறக்கும்போது வயது 60. கூடப்பிறந்த தங்கை கடைசிவரை பார்த்துக்கொண்டார். ரசிகர்கள் கதவைத் தட்டித் தொந்தரவு செய்ததுதான் அவருக்குப் பெரிய கஷ்டம். உங்கள் அண்ணனை நல்ல மனநல மருத்துவரிடம் தொடர்ந்து காட்டுங்கள். அவர் முன்பு விரும்பிச் செய்தது ஏதாவது இருந்தால், முடிந்த அளவுக்கு அதைச் செய்யவிடுங்கள். சொந்தக்காரர்கள் வந்து துருவித் துருவிக் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராத்திரியில் என் கணவர் இந்தப் பாட்டைத்தான் போடுகிறார். உங்கள் வீட்டம்மா எப்படித் தாங்கினார்?
– வாசகி, வேப்பனப்பள்ளி

அவளிடமே கேட்டேன். ராத்திரி ஒன்பதுக்கு மேல் ஹெட்ஃபோன் என்று கல்யாணமான புதிதிலேயே சட்டம் போட்டதைச் சொல்லச் சொன்னாள். நீங்களும் போடுங்கள். 'தி டிவிஷன் பெல்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ஆலய மணிச் சத்தத்தில் தொடங்கும். அது மட்டும் அவளுக்குப் பிடிக்கும், 'மணிப் பாட்டைப் போடுங்க' என்பாள். உங்களுக்கும் ஒன்று அமையும். அவரையே தேடிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஃபோனில் கேட்டேன், பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. எப்படிக் கேட்பது, எதில் ஆரம்பிப்பது?
– வாசகர், ராயக்கோட்டை

ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு பைக் ஓட்டும்போது கேட்டிருப்பீர்கள். அப்படிக் கேட்டால் பாதிதான் வரும். காசு ஒருமுறை இடது பக்கம் விழும், ஒருமுறை வலது பக்கம் விழும். ஓடுகிறவன் காலடி இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்குப் போகும். இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு, உட்கார்ந்து கேளுங்கள்.

வீட்டில் இரண்டு ஸ்பீக்கர் உள்ள செட் இருந்தால் இன்னும் நல்லது. 'டார்க் சைட்' ஆல்பம் இதயத் துடிப்பில்தான் ஆரம்பிக்கும், முதலில் ரொம்ப மெல்லிசாக இருக்கும், சவுண்டை உடனே கூட்டிவிடாதீர்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்காருங்கள். துடிப்பு நடுநெஞ்சுக்கு நேராக, கனமாக வர வேண்டும். சொத்தையாக, எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் வந்தால் ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் மாறியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னே தள்ளும்போது இன்னொன்று பின்னே இழுக்கும், கீழ் ஸ்தாயி அடிபட்டுப் போகும். ரிப்பேர் முடித்த ஸ்டீரியோ செட் ஒவ்வொன்றையும் இந்தத் துடிப்பைப் போட்டுத்தான் சோதித்து அனுப்புவேன். ஒயரை மாற்றிச் சொருகிவிட்டு முதலிலிருந்து போடுங்கள். 43 நிமிஷமும் ஃபோனை வேறு அறையில் வையுங்கள். அதில் எந்த இடம் உங்களைப் பிடித்தது என்று எழுதுங்கள், அடுத்து எதைக் கேட்பது என்று அதை வைத்துச் சொல்கிறேன்.